ஓராண்டுக் கண்காணிப்புக்குள் ஓராண்டுச் சிகிச்சை: பாலியல் சிறுகுற்றங்களும் கலிபோர்னியாவின் கால வரம்பும்

கலிபோர்னியாவில் ஒருவருடைய அந்தரங்க உறுப்பை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பாலியல் நோக்கத்துடன் தொடுபவர், தண்டனைச் சட்டத்தின் 243.4-ஆம் பிரிவின்படி பாலியல் தாக்குதல் குற்றவாளி ஆகிறார். பாதிக்கப்பட்டவரைச் சட்டவிரோதமாகப் பிடித்துவைத்தல் போன்ற கூடுதல் கொடுமைகள் இல்லாதபோது இக்குற்றம் சிறுகுற்றமாகவே கொள்ளப்படுகிறது. அதற்குரிய உச்சத் தண்டனை பொதுவாக ஆறு மாத மாவட்டச் சிறையும் 2,000 டாலர் அபராதமும் ஆகும். பொது இடத்தில் ஆபாசமாக உடலைக் காட்டுதல், பாலியல் நோக்கத்துடன் குழந்தையைத் தொந்தரவு செய்தல் ஆகியவையும் முதல் முறையாக, வேறு கடுமையான சூழல் இல்லாமல் நிகழ்ந்தால், இதே வகையில் அடங்கக்கூடியவை. இத்தகைய வழக்குகளில் குற்றவாளியைச் சிறையில் அடைத்து அத்துடன் முடித்துவிடாமல், நிபந்தனைகளுடன் வெளியே விட்டு நீதிமன்றத்தின் கண்காணிப்பில் வைப்பதே பெரும்பாலும் நடைமுறை. இதைத்தான் புரொபேஷன் என்கிறோம். தமிழில் நன்னடத்தைக் கண்காணிப்பு. இந்தக் கண்காணிப்பு எத்தனை காலம் நீடிக்கலாம் என்ற கேள்விக்கு 2021-ஆம் ஆண்டு முதல் கலிபோர்னியா சொல்லிவரும் விடையில் ஒரு முரண் இருக்கிறது. பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் அந்த முரணை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பழைய நிலையைப் பார்ப்போம். 2020-ஆம் ஆண்டின் இறுதிவரை, கலிபோர்னியத் தண்டனைச் சட்டத்தின் 1203ஏ பிரிவு, சிறுகுற்றங்களுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள் வரை நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்க நீதிபதிக்கு அதிகாரம் அளித்திருந்தது. பெருங்குற்றங்களுக்கு அது பெரும்பாலும் ஐந்து ஆண்டுகள் வரை செல்லலாம். லாஸ் ஏஞ்சலிஸ் தொகுதியைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் சிட்னி கம்லாகர் கொண்டுவந்த ஏபி 1950 என்ற மசோதா இந்த இரண்டையும் குறைத்தது. 2020 செப்டம்பரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட அச்சட்டம் 2021 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து சிறுகுற்றங்களுக்கு ஓராண்டு, பெருங்குற்றங்களுக்கு இரண்டாண்டு என்பது பொது வரம்பானது.

இந்தக் குறைப்புக்குப் பின்னால் இருந்த காரணங்கள் வலுவானவை என்பதை மறுக்க முடியாது. கண்காணிப்பு நீள நீள, புதிய குற்றம் எதையும் செய்யாதவர்கூட ஏதேனும் ஒரு நிபந்தனையைத் தவறவிடும் வாய்ப்பு கூடுகிறது. கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலரைச் சந்திக்க வேண்டிய நாளில் வேலையிலிருந்து வர முடியாமல் போகலாம், கட்டணம் பாக்கியாகலாம், முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க மறந்துபோகலாம். இவை ஒவ்வொன்றும் மீறலாகப் பதிவாகி ஒருவரை மீண்டும் சிறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். மனநலச் சிகிச்சை, போதை மீட்பு போன்ற உதவிகள் கண்காணிப்பின் முதல் 18 மாதங்களில்தான் அதிகப் பயன் தருகின்றன என்ற ஆய்வு முடிவும் மசோதாவுக்கு ஆதரவாகச் சட்டமன்றத்தில் எடுத்துக்காட்டப்பட்டது. ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தின் பிடியில் வைத்திருந்த ஒரு ஏற்பாட்டைச் சுருக்கியதற்காக அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். என் கேள்வி அதன் பொது நோக்கத்தைப் பற்றியது அன்று. வெவ்வேறு இயல்புடைய குற்றங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலை வைத்தபோது விடுபட்டுப்போன ஓர் இடத்தைப் பற்றியது.

அந்த இடத்தைப் புரிந்துகொள்ள, சட்டம் தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதிவிலக்கைப் பார்க்க வேண்டும். ஒரு குற்றத்துக்குரிய சட்டவிதியே கண்காணிப்பின் கால அளவைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால், அக்குற்றத்துக்கு ஓராண்டு வரம்பு பொருந்தாது. குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவோருக்கு வாகனச் சட்டம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் எனத் தனிக் காலத்தை வகுத்திருப்பதால், அவர்கள் பழையபடியே தொடர்கிறார்கள். குடும்ப வன்முறை வழக்குகளில் 1203.097 என்ற பிரிவு குறைந்தது 36 மாதங்கள் என்று சொல்வதால், அவையும் புதிய வரம்புக்கு வெளியே நிற்கின்றன. பாலியல் சிறுகுற்றங்களுக்கு இப்படிக் காலத்தைக் குறிப்பிடும் விதி ஏதும் இருக்கவில்லை. ஆகவே, 2021-இல் வரம்பு வந்தபோது, கடையில் ஒரு சட்டையைத் திருடியவருக்கும் ரயிலில் ஒரு பெண்ணின் உடலைப் பற்றியவருக்கும் கண்காணிப்பின் உச்ச காலம் ஒன்றாகவே, அதாவது ஓராண்டாகவே, ஆனது.

சிக்கல் இதோடு முடிந்திருந்தால், அதைத் தண்டனையின் கடுமை பற்றிய கருத்து வேறுபாடு என்று விட்டுவிடலாம். ஆனால் இன்னொரு விதி இருக்கிறது. 2010-இல் செல்சீ சட்டம் என்ற பெயரில் நிறைவேறிய சீர்திருத்தத்தின் விளைவாகத் தண்டனைச் சட்டத்தின் 1203.067-ஆம் பிரிவு விரிவாக்கப்பட்டது. பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் பெயர் பதியவேண்டிய குற்றத்துக்காக, அலுவலரின் நேரடிப் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உட்படும் ஒவ்வொருவரும், அரசின் தரநிலைகளுக்கு உட்பட்ட ஒரு சீர்திருத்தச் சிகிச்சைத் திட்டத்தை வெற்றிகரமாக முடித்தாக வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. அத்திட்டத்தின் காலம் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கண்காணிப்புக் காலம் முழுவதும்கூட அது நீளலாம். எவ்வளவு என்பதைச் சான்றிதழ் பெற்ற சிகிச்சையாளர் நன்னடத்தை அலுவலருடன் கலந்து முடிவுசெய்ய, நீதிமன்றம் ஒப்புதல் அளிக்க வேண்டும். 2012 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. கண்காணிப்பு மூன்றாண்டுகள் வரை போகலாம் என்ற காலத்தில் எழுதப்பட்ட விதி இது. அன்று ஓராண்டு என்பது சிகிச்சையின் தரைமட்டம். அதற்கு மேல் இரண்டு ஆண்டுகள் இடம் இருந்தது. 2021-க்குப் பின் சிறுகுற்றங்களைப் பொறுத்தவரை தரையும் கூரையும் ஒன்றாகிவிட்டன.

இது நடைமுறையில் என்ன செய்கிறது என்பதை ஒரு கற்பனை வழக்கின் நாட்காட்டியைக் கொண்டு பார்க்கலாம். ஜனவரி 10 அன்று ஒருவருக்கு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்காணிப்பின் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கிவிடுகிறது. அலுவலருடனான முதல் சந்திப்பு ஒரு சில வாரங்களில் நிகழ்கிறது. அவர் வாழும் மாவட்டத்தில் சான்றிதழ் பெற்ற சிகிச்சை நிலையத்தைக் கண்டறிந்து, கட்டணத்தில் அவரால் இயன்றது எவ்வளவு என்று முடிவாகி, சிகிச்சையாளர் அவரை நேர்கண்டு மதிப்பிட்டு, குழு அமர்வில் இடம் கிடைத்து முதல் நாள் உட்காரும்போது மார்ச் நடுப்பகுதி ஆகியிருக்கும். விதி கேட்கும் ஓராண்டு அடுத்த மார்ச் நடுவில்தான் நிறைவடையும். கண்காணிப்போ ஜனவரி தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு மாதங்களுக்கு அவரைச் சிகிச்சையில் இருத்தும் அதிகாரம் யாரிடமும் இல்லை. அவர் உண்மையாகவே மாற விரும்பி, ஓர் அமர்வைக்கூடத் தவறவிடாதவராக இருந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தாது; தவறவிடுபவராக இருந்தால் சொல்லவே வேண்டியதில்லை. நோய், வேலை நேர மாற்றம், ஊர்விட்டு ஊர் குடிபெயர்தல் என எதற்கும் இடைவெளி விடாத ஒரு கால அட்டவணை இது.

குடும்ப வன்முறை வழக்குகளுக்கான விதியை இதன் அருகில் வைத்துப் பார்த்தால், சட்டமியற்றியவர்களுக்கு இந்த உண்மை தெரியாததன்று என்பது புலப்படும். மனைவியையோ துணையையோ தாக்கியவர் வாரம் ஒரு அமர்வு வீதம் குறைந்தது ஓராண்டு நடக்கும் திட்டத்தில் பங்கேற்க வேண்டும் என்று 1203.097 சொல்கிறது. அத்துடன், தகுந்த காரணம் இருந்தால் மூன்று அமர்வுகள் வரை விடுப்பு அனுமதிக்கப்படும் என்றும், முழுத் திட்டத்தையும் 18 மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது. அதாவது, ஓராண்டுப் பாடத்தை மனிதர்கள் முடிக்க ஒன்றரை ஆண்டு தேவைப்படலாம் என்ற நடைமுறை அறிவு அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சுற்றி 36 மாதக் கண்காணிப்பு என்ற அரணும் இருக்கிறது. அதே அறிவைப் பாலியல் சிறுகுற்றங்களுக்குப் பயன்படுத்தாமல் விட்டது திட்டமிட்ட கொள்கை முடிவாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு காலங்களில் எழுதப்பட்ட இரண்டு விதிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க யாரும் நேரம் எடுத்துக்கொள்ளாததன் விளைவாகவே தோன்றுகிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சிறுகுற்ற வழக்குகளில் பலர் அலுவலரின் பொறுப்பில் வைக்கப்படுவதில்லை. நீதிமன்றத்துக்கு மட்டும் பதில்சொல்லும் எளிய கண்காணிப்பே அவர்களுக்கு விதிக்கப்படுகிறது. 1203.067-இன் கட்டாயச் சிகிச்சை அலுவலர் பொறுப்பிலான முறையான கண்காணிப்புக்கு மட்டுமே உரியது. எனவே, ஓராண்டில் இந்தத் திட்டத்தை எப்படியும் முடிக்க முடியாது என்று கருதும் நீதிபதியோ அரசு வழக்கறிஞரோ எளிய கண்காணிப்புக்கே இசைந்துவிட்டால், அந்தக் குற்றவாளி சிகிச்சையின் கட்டாயத்திலிருந்தே விடுபட்டுவிடுவார். காலத்தைப் பற்றிய விதி இப்படித்தான் காலத்தோடு நின்றுவிடாமல், எந்த வகைக் கண்காணிப்பு என்பதையும், எந்தக் குற்றச்சாட்டில் குற்ற ஒப்புதல் பேரம் (சலுகைக்கு ஈடாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ள அரசுத் தரப்புடன் செய்யும் உடன்பாடு) முடிகிறது என்பதையும் வளைக்கிறது.

2021 ஜனவரி 1 என்ற அதே நாளில் கலிபோர்னியாவில் வேறு இரண்டு மாற்றங்களும் நடைமுறைக்கு வந்தன என்பதை நினைவில் கொண்டால் முரண் இன்னும் துலங்கும். ஒன்று, ஏபி 3234 என்ற சட்டம். சிறுகுற்றம் சாட்டப்பட்டவரை, அரசு வழக்கறிஞர் மறுத்தாலும்கூட, தண்டனைக்குப் பதிலாக மாற்றுத் திட்டம் ஒன்றில் சேர்த்து, அதை நிறைவேற்றினால் வழக்கையே தள்ளுபடி செய்ய நீதிபதிக்கு அது அதிகாரம் தந்தது. அந்த மாற்றுத் திட்டம் 24 மாதங்கள் வரை நீடிக்கலாம். பதிவேட்டில் பெயர் பதியவேண்டிய பாலியல் குற்றங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை, அது நியாயமே. ஆனால் குற்றவாளி என்று தீர்ப்பே எழுதப்படாத ஒருவரை நீதிமன்றம் இரண்டு ஆண்டுகள் வரை தன் பார்வையில் வைத்திருக்கலாம், பாலியல் தாக்குதலுக்காகத் தண்டிக்கப்பட்டவரை ஓராண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்ற நிலை ஒரே நாளில் பிறந்தது.

மற்றொன்று, பதிவேட்டைப் பற்றியது. கலிபோர்னியா 1947 முதல் பாலியல் குற்றவாளிகளின் பதிவேட்டைப் பேணிவருகிறது. நெடுங்காலம் அதில் பெயர் ஏறினால் வாழ்நாள் முழுவதும் இருந்தாக வேண்டும். 2017-இல் நிறைவேறிய எஸ்பி 384 என்ற சட்டம் இதை 10 ஆண்டு, 20 ஆண்டு, வாழ்நாள் என மூன்று அடுக்குகளாகப் பிரித்தது. அந்தப் பிரிவினையும் 2021 ஜனவரி 1 அன்றே நடைமுறைக்கு வந்தது. சிறுகுற்றமான பாலியல் தாக்குதல் முதல் அடுக்கில் வருகிறது: குறைந்தது 10 ஆண்டுகள், ஆண்டுதோறும் பிறந்தநாளை ஒட்டிய ஐந்து வேலை நாட்களுக்குள் காவல் துறையிடம் போய் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். ஆக, இந்தக் குற்றவாளியின் முகவரியை அரசு பத்தாண்டுகள் கேட்டுக்கொண்டே இருக்கும்; அவர் மனத்தில் என்ன நடக்கிறது என்று கேட்கும் அதிகாரம் மட்டும் முதல் ஆண்டோடு முடிந்துவிடும். பதிவேடு ஒருவர் இருக்கும் இடத்தைச் சொல்லும், அவரை மாற்றாது. மாற்றுவதற்கென இருக்கும் கருவி மிகக் குறுகிய காலத்துக்கும், வெறும் கணக்கெடுப்புக்கென இருக்கும் கருவி மிக நீண்ட காலத்துக்கும் கொடுக்கப்பட்டிருக்கும் இந்த ஏற்பாட்டை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

நாட்டின் மறுகரையில் நியூயார்க் மாநிலம் நேர் எதிரான வழியில் சென்றது. 2000-ஆம் ஆண்டின் பாலியல் தாக்குதல் சீர்திருத்தச் சட்டம் அங்கே பாலியல் குற்றங்களுக்கான கண்காணிப்புக் காலத்தை இருமடங்காக்கியது. தண்டனைச் சட்டத்தின் 65.00 பிரிவின்படி, 'ஏ' வகுப்புச் சிறுகுற்றங்களுக்குப் பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். அதே வகுப்பில் பாலியல் தாக்குதலாக இருந்தால் ஆறு ஆண்டுகள். வலிந்து தொடுதல் என்ற குற்றம் இதில் அடங்கும். சுரங்க ரயில் நெரிசலில் நிகழும் அத்துமீறல்களில் பெரும்பாலும் சுமத்தப்படும் குற்றச்சாட்டு அதுவே. ஆறு என்பது உச்ச வரம்பு அன்று. கண்காணிப்பு விதித்தால் அதுவே காலம். நீதிபதி நான்கு என்றோ இரண்டு என்றோ எழுத முடியாது. குற்றவாளி நிபந்தனைகளைச் செம்மையாகக் கடைப்பிடித்து, அவருக்கு இனி வழிகாட்டல் தேவையில்லை, பொதுமக்களின் பாதுகாப்புக்கும் ஊறு இல்லை என்று நீதிமன்றம் பின்னர் கருதினால், முன்கூட்டியே முடித்துவைக்கும் வழி உண்டு.

ஆனால் நியூயார்க்கின் ஏற்பாட்டிலும் ஒரு செங்குத்தான சரிவு இருக்கிறது. மூன்றாம் நிலைப் பாலியல் அத்துமீறல் என்ற குற்றம் 'பி' வகுப்பைச் சேர்ந்தது; அதற்குரிய கண்காணிப்பு ஓராண்டு மட்டுமே. ஒரே சம்பவத்தை, ஒரே சாட்சியத்தைக் கொண்டு, அரசு வழக்கறிஞர் இரண்டில் எதுவாகவும் எழுதக்கூடிய வழக்குகள் உண்டு. ஒன்றுக்கு ஆறு, மற்றொன்றுக்கு ஒன்று என்று இருக்கும்போது, குற்ற ஒப்புதல் பேரத்தின் எடை முழுவதும் அந்த ஐந்தாண்டு வித்தியாசத்தின்மேல் விழுகிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் 'பி' வகுப்புக்கு இறங்கினால் ஒப்புக்கொள்கிறோம் என்பார். சாட்சி சொல்லத் தயங்கும் பெண்ணை எண்ணி அரசுத் தரப்பும் இசையும். ஆறாண்டுக் கண்காணிப்பு தேவைப்பட்ட ஒருவர் ஓராண்டோடு வெளியேறவும், இரண்டாண்டு போதுமாக இருந்த இன்னொருவர் ஆறாண்டு சுமக்கவும் இப்படி வழி ஏற்படுகிறது.

கண்காணிப்பின் நீளம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அதன் உள்ளடக்கத்தைப் பார்த்தால்தான் உணர முடியும். கலிபோர்னியாவின் சிகிச்சைத் திட்டம் வெறும் அறிவுரை வகுப்பு அன்று. அதில் சேர்பவர் பொய் கண்டறியும் கருவியின் சோதனைகளுக்கு உட்பட வேண்டும். மனநலச் சிகிச்சையாளரிடம் பேசுவது இரகசியமாகக் காக்கப்படும் என்ற உரிமையையும் அவர் விட்டுக்கொடுக்க வேண்டும். சிகிச்சையாளரும் அலுவலரும் தகவலைப் பகிர்ந்துகொண்டு அவரை ஒருசேரக் கண்காணிப்பதே இந்த முறையின் அடிப்படை. இந்த நிபந்தனைகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்ற வாதத்தைக் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 2017-இல், கார்சியா வழக்கில், ஏற்கவில்லை. இவ்வளவு ஆழமாக ஒரு மனிதனின் அந்தரங்கத்துக்குள் நுழையும் அதிகாரம் தேவைக்கு மேல் ஒரு நாள்கூட நீளக் கூடாது என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. அதே காரணத்தால், நுழைந்த பின் பாதியில் நிறுத்திவிட்டு வெளியேறுவதும் நியாயமன்று. கட்டாயப்படுத்தித் திறக்கவைத்த மனத்தை எந்தப் பயனும் விளையுமுன் கைவிடுவதாகவே அது முடியும்.

ஆய்வுகள் இங்கே இருதரப்பினருக்கும் ஏதோ ஒன்றைச் சொல்கின்றன. எல்லாப் பாலியல் குற்றவாளிகளும் ஒரே அளவு ஆபத்தானவர்கள் அல்லர். கலிபோர்னியாவிலும் பயன்படுத்தப்படும் ஸ்டாட்டிக்-99ஆர் என்ற மதிப்பீட்டுக் கருவி, வயது, முந்தைய குற்றங்கள், பாதிக்கப்பட்டவர் அந்நியரா என்பன போன்ற கூறுகளைக் கொண்டு மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பைத் தரம்பிரிக்கிறது. அந்தக் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரான கனடிய ஆய்வாளர் கார்ல் ஹான்சன், வெளியுலகில் குற்றமின்றி ஆண்டுகள் கழியக் கழிய ஆபத்து தொடர்ந்து குறைந்துகொண்டே போகிறது என்று காட்டியிருக்கிறார். குறைந்த ஆபத்து உடையவரைத் தீவிரச் சிகிச்சைக்குள் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைப்பது பயனற்றது. சில வேளைகளில் அவருடைய வேலையையும் உறவுகளையும் குலைத்து எதிர்மாறான விளைவைத் தரும். இந்த உண்மை நியூயார்க்கின் மாறாத ஆறாண்டுக்கு எதிராகப் பேசுகிறது. ஆனால், ஆபத்துக் கூடியவருக்கு அதற்கேற்ற நீண்ட, தீவிரமான தலையீடு வேண்டும் என்பதும் அதே ஆய்வு மரபின் கொள்கைதான். அது கலிபோர்னியாவின் மாறாத ஓராண்டுக்கு எதிராகப் பேசுகிறது. அவருடைய குற்றம் சிறுகுற்றம் என்று வகைப்பட்டிருப்பது அவர் செய்ததன் சட்ட அளவைச் சொல்கிறதே ஒழிய, அவர் மீண்டும் செய்வாரா என்பதைச் சொல்வதில்லை.

ஓராண்டு முடிவதற்குள் ஒருவர் சிகிச்சையைப் புறக்கணித்தால் நீதிமன்றம் ஒன்றுமே செய்ய முடியாதா என்று கேட்கலாம். செய்யலாம். அலுவலர் மீறலைத் தெரிவித்தால், நீதிபதி கண்காணிப்பை உடனடியாக இடைநிறுத்தம் செய்து, அதன் பின்னர் விசாரணை நடத்தலாம். அப்படி நிறுத்தியது, காலம் முடிந்த பிறகும் அந்த மீறலை விசாரிக்கும் அதிகாரத்தைக் காப்பாற்றித் தரும். ஆனால் அது காலம் முடிவதற்கு முன் நிகழ்ந்த மீறலுக்கு மட்டுமே. முடிந்த பின் நடந்ததைக் கொண்டு ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 2013-இல் லெய்வா வழக்கில் தெளிவாக்கிவிட்டது. ஆகவே, பத்து மாதங்கள் ஒழுங்காக வந்து, பதினோராம் மாதத்தில் சிகிச்சையாளர் இன்னும் எட்டு மாதம் வேண்டும் என்று எழுதுகிற ஒருவரைப் பொறுத்தவரை மீறல் என்று சொல்ல எதுவும் இல்லை. ஒத்துழைத்தவரைத்தான் இந்த வரம்பு சிகிச்சை முடியாமலே வெளியே அனுப்புகிறது.

வரம்பு பழைய வழக்குகளையும் தொட்டது. தண்டனையைத் தணிக்கும் புதிய சட்டம், இறுதி முடிவு எட்டாத வழக்குகளுக்கும் பொருந்தும் என்பது 1965-ஆம் ஆண்டின் எஸ்ட்ராடா தீர்ப்பு முதல் கலிபோர்னியாவில் நிலைபெற்ற கொள்கை. 2023-இல் புருட்ஹோம் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் ஏபி 1950-க்கும் அதுவே பொருந்தும் என்றது. பேரத்தின் ஒரு பகுதியாகவே நீண்ட கண்காணிப்பை அரசுத் தரப்பு பெற்றிருந்தாலும், பேரத்தைக் கலைக்க வேண்டியதில்லை, காலத்தை மட்டும் குறைத்தால் போதும் என்றும் சொன்னது. அது திருட்டு நோக்கத்துடன் கட்டடத்துக்குள் நுழைந்த வழக்கு. ஆனால் தீர்ப்பின் கொள்கை பாலியல் வழக்குகளுக்கும் நீள்கிறது. மூன்றாண்டுக் கண்காணிப்பு கிடைக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சிறைத் தண்டனையை விட்டுக்கொடுக்க ஒப்பிய பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அந்தக் கணக்கு பின்னால் மாறிப்போனது. அவரை அணுகக் கூடாது என்ற பாதுகாப்பு ஆணையைப் பதிவேட்டுக் குற்றங்களில் கண்காணிப்புக் காலத்தைத் தாண்டியும் பல ஆண்டுகளுக்கு நீதிமன்றம் தனியே பிறப்பிக்கலாம் என்பது ஓர் ஆறுதல். ஆனால் அது தண்டனை விதிக்கும் நாளிலேயே யாரேனும் நினைவில் வைத்துக் கேட்டுப் பெறவேண்டிய ஒன்று.

சட்டமன்றத்தால் இந்த வரம்பைத் திறக்கவே முடியாது என்பதில்லை. 2024-இல் கடைத் திருட்டுகள் பற்றிய பொதுக் கோபம் உச்சத்தில் இருந்தபோது, ஏபி 2943 என்ற சட்டத்தின் மூலம் கடைத் திருட்டுக்கும் சிறு திருட்டுக்கும் கண்காணிப்பை இரண்டாண்டுகள் வரை நீட்டிக்க அது வழிசெய்தது. வணிகர் சங்கங்களின் குரலுக்கு அந்த விரைவு கிடைத்தது. அந்தக் கதவு திறந்தபோது பாலியல் சிறுகுற்றங்கள் அதற்குள் அழைக்கப்படவில்லை.

தேவையான திருத்தம் பெரியதன்று. 1203.067-ஆம் பிரிவுக்குள் கண்காணிப்பின் காலத்தைக் குறிப்பிடும் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால், ஏபி 1950-இன் விதிவிலக்கு தானாகவே செயல்படும். அந்தச் சட்டத்தைத் தொடவே வேண்டியதில்லை. பதிவேட்டுக்குரிய சிறுகுற்றத்தில் முறையான கண்காணிப்பு இரண்டாண்டுகள் வரை விதிக்கப்படலாம் என்றும், சிகிச்சையாளர் திட்டம் நிறைவுற்றதாகச் சான்றளித்தவுடன் நீதிமன்றம் எஞ்சிய காலத்தை முடித்துவைக்க வேண்டும் என்றும் அந்த வாக்கியம் சொன்னால், ஆபத்துக் குறைந்தவர் பதினான்கு மாதத்தில் வெளியேறலாம், கூடியவர் முழுக் காலமும் இருக்கலாம். காலம் சிகிச்சை தொடங்கும் நாளிலிருந்து கணக்கிடப்பட்டால், இடம் கிடைக்கக் காத்திருந்த வாரங்கள் வீணாகா. கட்டணம் செலுத்த இயலாதவருக்கு மாவட்டமே செலவை ஏற்கும் ஏற்பாடும் உடன் வர வேண்டும். இல்லையென்றால் நீட்டிக்கப்பட்ட காலம் ஏழைகளுக்கு மட்டும் நீண்டதாக இருக்கும், ஏபி 1950 எதைத் தடுக்க வந்ததோ அதுவே பின்வாசல் வழியாகத் திரும்பிவிடும்.